அலுப்புச் சீர்

“வாந்தி வந்தா அடக்கக் கூடாது. அடக்கினா மூக்கு வழியா வரும். அது இதைவிட மோசம்.”

“சரிம்மா.”

“மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“மோர்க்குழம்பு, ரெண்டு வடை, கொஞ்சம் பாயசம்.”

“வெறும் வயித்தோட வரச் சொல்லியிருந்தோமே.”

“கல்யாண வீடும்மா. இலையில உட்கார வச்சுட்டாங்க, எப்படி எழுந்திருக்கிறது? அது கிடக்கட்டும். எனக்கு ஜன்னலோர சீட்டு கிடைக்குமா?”

நர்ஸ் பிலோமினா சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தாய்மாமன்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்களோ. நாற்காலியின் கைப்பிடியில் தொங்கிய எவர்சில்வர் பேசினை எடுத்துக் கேட்டவரின் மடியில் வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். பேசினின் விளிம்பில் யாருடையதோ காய்ந்துபோன மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. பக்கத்தில் நின்ற தமயந்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய பக்கமும் உருப்படியாக இல்லை. அங்கே வேறொரு கல்யாணத்தின் பெண் வீட்டார் தங்கள் வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். ஓர் அம்மாளின் கால்கள் பலாப்பழம் போல வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. ஆள் ஒருவன் குறடு வைத்து அதை வெட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே போட்டோகிராபரைப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் ஓர் இளைஞன் வந்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு, எல்லார் மடியிலும் தாம்பூலப் பை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான்.

திருச்சி விமான நிலையத்தின் பின்புறம், பழைய சரக்குக் கிடங்கைப் பிரித்துக் கட்டிய கூடம் அது. வாசலில் ‘பயண நேர மாற்று மையம்’ என்று பலகை தொங்கியது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அலுப்புக் கூடம் என்றுதான் சொல்வார்கள். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பச்சை விளக்கு. பினாயில் வாடைக்கு அடியில் புளித்த வயிற்றின் வாடை. கூடத்துக்கும் பயணிகள் வந்து இறங்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிகையும் காபியும் மணக்கும்.

தமயந்திக்கு மறுநாள் காலையில் முகூர்த்தம். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. மணப்பெண் இங்கே வரும் வழக்கமில்லை. அம்மா மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று கொண்டு வந்து கொடுக்க வந்தவள், வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய வீட்டார் ஐந்து பேர் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். அப்பா ராஜமாணிக்கம் புது வேட்டியும் விபூதியுமாக, யாகத்துக்கு உட்கார்ந்தவர் போல இருந்தார். அடுத்து அம்மா. அப்புறம் சித்தப்பாவும் சித்தியும். கடைசி நாற்காலியில், ஜன்னலோர சீட்டு கேட்டவர், அம்மாவின் தம்பி தாயுமானவன். நாக்பூருக்கும் ராய்ப்பூருக்கும் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். வானத்தில் விமானம் போனால் இன்றைக்கும் அண்ணாந்து பார்ப்பார். ஒரு தடவைகூட ஏறியதில்லை.

“ஏன் பாப்பா,” என்று அவர் மருமகளைக் கூப்பிட்டார், “நீ மேப் போடுற ஆபீஸ்லதானே இருக்கே. அந்த மெஷினு தூரத்தைச் சுருக்குதுங்கிறாங்களே, சுருங்கின தூரம் எங்கே போகும்?”

“தூரம் எங்கேயும் போகலை மாமா. மாப்பிள்ளை ஊரு சாந்தியாகோ எங்கே இருந்துச்சோ அங்கேயேதான் இருக்கு. சிலி நாட்டுல, பூமிக்கு அந்தப் பக்கம். ப்ளேன்ல வந்தா மூணு ஊர் மாறி ஒன்றரை நாள் ஆகும். இப்பவும் அதே ஒன்றரை நாள்தான். வர்றவங்க உடம்பு அதைப் படாது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“அப்ப யாரு படுறது?”

“நீங்க.”

“ஓ,” என்றார் மாமா. “சரக்கு அவங்களுது, லாரி நம்மளுது.”

அப்படித்தான். தாவல் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். தமயந்தி பள்ளியில் படித்தபோது வந்தது. உலக வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கனவு கண்ட பெண்ணுக்கு அந்தச் செய்தி தேனாக இனித்தது. அந்தக் கரையில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், காபி ஆறுவதற்குள் இந்தக் கரையில் கதவைத் திறந்து வரலாம். ஆனால் கடந்த தூரத்துக்கான நேரம் ஏதாவது ஓர் உடம்பின் வழியாகப் போய்த் தீர வேண்டும். முதலில் வந்தவர்கள் வந்த இடத்திலேயே விழுந்து, ஒன்றரை நாள் அலுப்பையும் அரை மணிக்குள் பட்டுத் துடித்தார்கள். அப்புறம் அதை வேறோர் உடம்புக்கு மாற்றிவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கே உலகம் இரண்டாகிவிட்டது. கூலிக்கு ஆள் பிடித்தார்கள். கூலிக்கு வந்தவர்கள் நாற்காலியிலேயே செத்தார்கள். கூச்சல் கிளம்பியதும் சட்டம் வந்தது. இனிமேல் பணத்துக்குச் சுமக்கக் கூடாது, சொந்தக்காரர்கள் அன்பின் பேரில் மட்டும் சுமக்கலாம் என்றார்கள்.

அன்பு என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதியவனுக்கு நம்முடைய கல்யாணங்களைத் தெரியாது போலிருக்கிறது. சம்பந்தம் பேசிப் பதிவு செய்தாலே சம்பந்தி சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். சட்டம் வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் பாத்திரம் பண்டம், வரிசைத் தட்டு, மாப்பிள்ளைக்கு மோதிரம் என்ற பட்டியலில் அலுப்பும் ஒரு சீராகச் சேர்ந்துவிட்டது. மாமனார் அலுப்பைப் பெண்ணின் அப்பா ஏற்க வேண்டும். மாமியார் அலுப்பு அம்மாவுக்கு. மாப்பிள்ளையின் அலுப்பு தாய்மாமன் பாத்தியதை. அதை வேறு யாரும் ஏற்றால் தாய்மாமன் கோபித்துக்கொள்கிற அளவுக்கு அது மரியாதையாகிவிட்டது.

தமயந்திக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று நமக்கெல்லாம் தெரிவது போலத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று பட்டுப்புடவையில் நின்றபோது அம்மா முகம் வீங்கி, மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்ததை அவள் பார்த்தாள். கேட்டதற்கு, பிரஷர் என்றாள் அம்மா. மகளும் விட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா வத்சலா அன்றைக்கு விடைபெறும்போது, எல்லாம் திருப்தி, எனக்குத்தான் லேசாக ஒரு தலைவலி மிச்சம் இருந்தது, அடுத்த தடவை கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அம்மா சரியாகச் சுமக்கவில்லையாம்.

அது இப்போது நினைவுக்கு வந்ததும் தமயந்திக்குக் குமட்டியது. வத்சலாவை நினைத்தா, அப்பாவின் கூப்பிய கையை நினைத்தா, விட்டுவிட்ட தன்னை நினைத்தா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அப்பாவின் போன் அடித்தது. அவர் பாதி எழுந்து உட்கார்ந்து, சரிங்க, சரிங்க, அதுக்கென்னங்க என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு பொதுவாக ஒரு செருமல் செருமிவிட்டு, கோகோவும் வருதாம் என்றார்.

“யாரு அது கோகோ?” என்று கேட்டாள் சித்தி.

வத்சலாவின் நாய். சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை போல இருக்கும். தனியாக விட்டால் சாப்பிடாதாம். மகனுடைய கல்யாணத்தில் அது இல்லாவிட்டால் வத்சலாவுக்கு மனசு கேட்காதாம். நாய்க்கும் அதே தூரம்தான். அதன் அலுப்பையும் யாராவது பட்டாக வேண்டும்.

 சித்தப்பா கூரையைப் பார்த்தார். பிறகு அப்பா, தன் குரலில் இருந்த கூச்சத்தைத் தானே மிதித்துக்கொண்டு, மனுஷ அலுப்புக்குத்தான் ஓர் உடம்புக்கு ஒன்று என்று விதி, நாய் அந்தக் கணக்கில் வராது, அதனால் மாப்பிள்ளையோடு சேர்த்து நாயையும் ஒரே ஆள் ஏற்கலாம் என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே கடைசி நாற்காலியைப் பார்த்தார்.

“அதுக்கென்ன மச்சான்,” என்றார் தாயுமானவன். “நாய்ப் பொழப்புன்னு ஆயுசு பூரா சொல்லிக்கிட்டே லாரி ஓட்டினேன். நிஜமாவே எப்படி இருக்கும்னு பார்த்துடலாம். குலைச்சா மட்டும் யாரும் தப்பா நினைக்காதீங்க.”

சித்தி சிரித்தாள். சித்தப்பாவும் சிரித்தார். கனத்திலிருந்து தப்பித்தவர்களின் சிரிப்பு அது. ஒருவர் மேல் சேற்றை வாரிப் பூசிவிட்டு, அவரே அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டார் என்று நிம்மதி அடைகிற சிரிப்பு. அம்மா மட்டும் தம்பியைப் பார்க்காமல் முந்தானையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிலோமினா மாமாவின் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். பிறகு தமயந்தியைச் சுவரோரம் அழைத்துப் போய், நீங்கதான் பொண்ணா என்று கேட்டாள். ஆமாம் என்றதும், பார்த்தால் படித்தவள் மாதிரி இருக்கிறாய், அதனால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். மாமாவுக்கு ஒன்றே அதிகம். ரெண்டு சேர்ந்தால் இதயம் தாங்காது. போன மாசம் அதே நாற்காலியில் ஒருத்தர் ஒரு பெரியவரோடு பூனையையும் ஏற்றார். எழுந்திருக்கவில்லை.

“அப்ப நீங்க முடியாதுன்னு சொல்லலாமே சிஸ்டர்?”

“எப்படிச் சொல்றது? ஒருத்தர் பிரியப்பட்டு ஏத்துக்கிறேன்னா நாங்க தடுக்க முடியாது. அன்புக்கு அளவு வைக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது.” குரலைத் தாழ்த்தினாள். “அதுவும் உங்க வீட்டுக்கு மூணு தடவை. ஒரு தடவைக்கே மாசக்கணக்குல ஆறணும்.”

மூன்றா என்று தமயந்தி கேட்டாள். பிலோமினா அவளை வினோதமாகப் பார்த்தாள். உங்களுக்குச் சொல்லவில்லையா என்றாள். இப்போது வருவது ஒன்று. மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பி வருகிறார்கள். அது இரண்டும் இவர்கள் தலையில்தான்.

தமயந்தி அப்பாவிடம் போய் நின்றாள். எதற்காக அவர்கள் போய்விட்டு வர வேண்டும், மண்டபத்தில் குளிர்சாதன அறைகள் பிடித்திருக்கிறோமே என்று கேட்டாள். அப்பா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. சம்பந்தி அம்மாவுக்கு வேற இடத்துக் குளியலறை ஒத்துக்காதும்மா, வீட்டிலேயே குளித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்கள், அவர்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி என்றார்.

பூமியின் அந்தக் கோடிக்கு. குளிப்பதற்கு. ஐந்து பேரும் ஒரு நாயும்.

அவள் அப்பாவின் பக்கம் குனிந்தாள்.  நாயுடையதை நான் ஏற்கிறேன், மாமாவை விடுங்கள் என்றாள். அப்பா பதறிப்போனார். பெண்ணை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள், முகம் வீங்கினால் போட்டோவில் தெரியும் என்று வத்சலா முதல் நாளே சொல்லியிருக்கிறாளாம். அப்படியானால் நாய் வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். சொல்லலாமா, அவர்கள் அலுத்துக்கொண்டால் என்ன ஆவது, ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டதே என்று அப்பா முனகினார்.

“பாப்பா, விடு,” என்றார் மாமா. “ராய்ப்பூர்லேர்ந்து கண்ணு மூடாம ஓட்டியிருக்கேன். இதென்ன.”

“அது உங்க அலுப்பு மாமா.”

அவர்  மடியில் இருந்த பேசினைச் சற்றே நகர்த்தி வைத்துக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றி, மணிபர்ஸோடு சேர்த்து அவள் கையில் திணித்தார். மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார்.

தமயந்தி கூடத்தின் கதவோரம் போய் மாப்பிள்ளை ஆதவனை வீடியோவில் அழைத்தாள்.

அவன் முகம் திரையில் வந்தது. நல்ல முகம். அதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. தெருவில் பிச்சைக்காரர்களைப் பெயர் கேட்டுப் பேசுகிறவன். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கையெழுத்து வாங்கி அலைந்தவன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பனி போர்த்த மலைத்தொடர், அதன் மேல் இளம் வெயில், கீழே ஓடுபாதையில் தனியாக ஒரு பழைய விமானம். கையில் காபி வைத்திருந்தான். பின்னால் வத்சலா நாய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணப் பொண்ணு இந்நேரத்துக்குப் பூ வச்சிக்கிட்டில்ல இருக்கணும்,” என்றான். “எங்கே நிக்கிறே? பின்னாடி ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே.”

“அலுப்புக் கூடம். உங்களோடதை ஏத்துக்க மாமா உட்கார்ந்திருக்கார்.”

அவன் முகம் குழம்பியது. ஏற்கிறவர்களைத் தூங்க வைத்துவிடுவார்களே, ஒன்றும் தெரியாதே என்றான். யார் சொன்னது என்று கேட்டாள். அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றான். அவள் போனை மெல்லத் திருப்பினாள். மெட்டி வெட்டப்பட்ட கால் இன்னும் ஸ்டூலின் மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு பையன் துடைப்பத்தால் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான். எது கழுவப்படுகிறது என்று நன்றாகவே தெரிந்தது.

“தமா, ப்ளீஸ், அந்தப் பக்கம் காட்டாதே. இப்பத்தான் சாப்பிட்டேன்.”

அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அருவருப்பு வந்துவிட்டது. காலைப் பார்த்து வந்தது. தரையைப் பார்த்து வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

மாமா நிலைமையைச் சொன்னாள். நாயைப் பற்றிச் சொன்னாள். பிலோமினா சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. நிஜமாகவே வருத்தப்பட்டான், அது தெரிந்தது. அம்மாவிடம் பேசுகிறேன் என்றான். ஆனால் அம்மா, இது பெண் வீட்டாருக்கு ஒரு சந்தோஷம், வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்குத்தான் அவமானம் என்கிறாளே என்றான். அடுத்த தடவைக்கு ஏதாவது வழி பார்க்கலாம் என்றான். இன்றைக்கு இருக்கிற மாமா அடுத்த தடவைக்கு இருக்க மாட்டார் என்று அவள் சொன்னாள்.

அவன் பின்னால் ஒரு பெண் குரல் ஸ்பானிஷ் மொழியில் ஏதோ அறிவித்தது. வத்சலா எழுந்து நாயின் கயிற்றை மகன் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் முன்னால் போகிறோம், பேசி முடித்துவிட்டு இதைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். போகிற போக்கில் திரையைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். அங்கே அறைக்குள் ஆள் போனால் இங்கே விளக்கு எரியும். அப்பாவின் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து அம்மாவுக்கு. சித்தப்பாவுக்கு. சித்திக்கு.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அப்பாவின் முழங்கால்கள் தாமாக மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன, நெருக்கமான இருக்கையில் நாள்கணக்கில் மடங்கிக் கிடந்தவை போல. அம்மாவின் உதடுகள் வெடித்தன. அவள் முகம் கண் முன்னாலேயே ஊதியது. அவள் பேசினைத் தேடினாள், கைக்குப் படவில்லை. புதுப் புடவையின் மேலேயே எல்லாம் வந்தது. சித்தி யாரையோ திட்டிக்கொண்டே அழுதாள். புளித்த வாடை எழுந்து கதவு வரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் ஆரம்பித்தது. வத்சலாவின் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. தலைவலி இல்லை போலிருக்கிறது.

கடைசி நாற்காலியின் விளக்கு மட்டும் எரியவில்லை. தாயுமானவன் அக்காவின் முகத்தைத் தன் துண்டால் துடைத்துவிட எழப் பார்த்தார். கையில் கட்டியிருந்த பட்டை விடவில்லை. பிலோமினா தன் விரலை அவர் நாடியில் வைத்துக்கொண்டு, விளக்கைப் பார்த்தபடி நின்றாள்.

“தமா,” என்றது போன். “நான் போகணும். கூப்பிடுறாங்க.”

“உங்களுக்குப் பின்னாடி ஒரு ப்ளேன் நிக்குதே. அது எங்கே போகுது?”

அவன் திரும்பிப் பார்த்தான். அது பழைய சர்வீஸ் என்றான். சரக்குதான் ஏற்றுவார்கள், பின்னால் கொஞ்சம் இருக்கைகள் இருக்கும், யாரும் ஏறுவதில்லை.

“திருச்சிக்கு வந்து சேர முடியுமா?”

“மாறி மாறி வரலாம். நாளன்னைக்கு ஆயிடும். ஏன்?”

“முகூர்த்தம் போனாப் போகட்டும். நான் அப்பாகிட்ட பேசிக்கிறேன்.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாய் அவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைப் பின்னியது. ஸ்பானிஷ் குரல் மறுபடி அழைத்தது, இந்தத் தடவை அவன் பெயரைச் சொல்லி.

“ஆதவன், நீங்க அதுல வாங்க. கோகோவையும் தூக்கிக்கிட்டு வாங்க. கால் வீங்கட்டும், கண்ணு சிவக்கட்டும், சட்டை நாறட்டும், வழியெல்லாம் வாந்தி எடுங்க. நான் வாசல்ல நின்னு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன். உங்க அலுப்போட வாங்க.”